வெள்ளம் புகுந்த லெகோ பெட்டி: பிரித்ததும் கழுவியதும்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையோரமாக ஊர்ந்தபடியே கொட்டித் தீர்த்தது. வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகளுக்கான வாசகசாலை இருந்தது. தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது புத்தகங்கள் அத்தனையும் கூழ். அந்தக் கணக்கு தனி. பிழைக்க வாய்ப்பிருந்த ஒரே பொருள், மூலையில் கவிழ்ந்து கிடந்த லெகோ பெட்டி, அதாவது ஒன்றின்மேல் ஒன்று செருகி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள். அதை எப்படிப் பிரித்தோம், எப்படிக் கழுவினோம், எதை ஒதுக்கினோம், ஏன் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். வீட்டில் பரணில் கிடக்கும் பழைய பெட்டியை இறக்குகிறவர்களுக்கும் இதில் பாதி பயன்படும்.

ஜெர்மனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பம் கொடுத்த பெட்டி அது. தங்கள் பிள்ளைக்கு வாங்கிய செட்டுகளோடு, அங்கே பழம்பொருள் சந்தையில் கிலோக் கணக்கில் அள்ளிய பழைய கட்டைகளையும் கலந்து வைத்திருந்தார்கள். அதனால் 1970களின் கட்டையும் நேற்றைய கட்டையும் ஒன்றின்மேல் ஒன்று செருகிக் கிடந்தன. பாதிக்கு மேல் கோத்தபடியே இருந்தன: ஒரு தீயணைப்பு நிலையம், அரைக் கப்பல், மோட்டார் வைத்த கிரேன், பச்சைப் பலகைமேல் வரிசையாக வீடுகள். எல்லாவற்றிலும் சாக்கடை கலந்த சேறு.

"எதுக்கு மேடம் இவ்ளோ கஷ்டம்? பிளாஸ்டிக்தானே, வாஷிங் மெஷின்ல போட்டு எடுத்துடலாமே" என்றார் சங்கச் செயலாளர்.

"வெளிய பளபளன்னு வந்துடும் சார். உள்ள இருக்கற சாக்கடை உள்ளயேதான் இருக்கும்."

தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்றும் ஒரு குரல் எழுந்தது. இறக்குமதி பொம்மைக்கான சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. அந்த அளவு கட்டையைப் புதிதாக வாங்க எங்கள் சங்கத்தின் ஒரு வருட நூலக ஒதுக்கீடு போதாது. பேச்சு அத்தோடு முடிந்தது.

பிடி எங்கே இருக்கிறது

இரண்டு லெகோ கட்டைகளை இணைத்து வைத்திருப்பது பசையும் இல்லை, கொக்கியும் இல்லை. பிளாஸ்டிக்கின் இறுக்கம் மட்டும்தான். மேலே உள்ள ஒவ்வொரு குமிழின் விட்டமும் 4.8 மில்லிமீட்டர். மேல்கட்டையின் அடியில், பக்கச் சுவருக்கும் நடுவில் நிற்கும் குழாய்க்கும் இடையே அந்தக் குமிழுக்கு விட்டிருக்கும் இடம் அதைவிட ஒரு மயிரிழை குறைவு. அழுத்தும்போது சுவர் சற்றே வெளியே வளைந்து, திரும்பி வரப் பார்க்கிறது. அந்தத் திரும்பும் விசைதான் பிடி. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் இருக்கும் லெகோ கம்பெனி 1949இலேயே குமிழ் வைத்த கட்டைகளைச் செய்யத் தொடங்கிவிட்டது. ஆனால் அப்போது அடிப்பக்கம் வெறும் பொந்து, கோத்தது நிற்காது. உள்ளே குழாய் வைக்கும் யோசனைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டார்கள். அன்றைய கட்டை இன்றைய கட்டையோடு இன்னும் சேர்கிறது என்றால், அச்சு வார்ப்பில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியம் காத்து வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

எங்கள் வேலைக்கு இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, இணைப்பு இறுக்கமே ஒழிய நீர்புகாதது இல்லை. நாலுக்கு இரண்டு கட்டையின் நீளம் 32 மில்லிமீட்டர் இல்லை, 31.8தான். பக்கத்துக் கட்டையோடு உரசாமல் இருக்க வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. அந்த 0.2 மில்லிமீட்டர் சந்து வழியாகத் தண்ணீர் தானாகவே உள்ளே ஏறும். அதோடு மென்சேறும் ஏறும். வெளியே வர அதற்கு வழி கிடையாது. தீயணைப்பு நிலையத்தை வெளிப்புறம் நன்றாகக் கழுவிவிட்டு ஒரு சுவரை மட்டும் கழற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் கறுப்பாக வளையம் கட்டியிருந்தது, நாற்றம் குடலைப் புரட்டியது. பிரிக்காமல் கழுவினால் கழுவியதாகவே ஆகாது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

இரண்டாவது, சுவரின் அந்த மெல்லிய வளைவு கெட்டால் கட்டை செத்தது. பார்க்க முழுசாக இருக்கும், செருகினால் நிற்காது. சூடு, பல், திருப்புளி, இடுக்கி எல்லாம் கெடுப்பது அதைத்தான். அதனால் எந்த முறையையும் "அழுக்கு போகுமா" என்று மட்டும் பார்க்காமல் "பிடி மிஞ்சுமா" என்றும் பார்த்தே ஏற்றோம்.

கை வைக்கும் முன்

வெள்ளச் சேற்றில் எலி மூத்திரம் இருக்கும், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. அதனால் முதல் கட்டத்தில் பிள்ளைகளைப் பக்கத்திலேயே விடவில்லை. கையுறை போட்ட பெரியவர்கள், கையில் வெட்டு சிராய்ப்பு இல்லாதவர்கள் மட்டும்.

கோத்த உருப்படிகளை அப்படியே குழாய்த் தண்ணீரில் அலசிச் சேற்றை இறக்கினோம். பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். புட்டியில் 5 சதவீதம் என்று போட்டிருந்ததால் 10 லிட்டர் வாளிக்கு 200 மில்லி, அதாவது கரைசலில் ஏறக்குறைய 0.1 சதவீதம். பத்து நிமிடம் ஊறவிட்டு அலசினோம். சேறு இருக்கும்போதே இதை ஊற்றினால் குளோரின் முழுக்கச் சேற்றோடு செலவாகிவிடும், கிருமிக்கு எதுவும் மிச்சமிருக்காது. அதனால் இந்த வரிசையை மாற்றக்கூடாது. இரும்பு அச்சு உள்ள ரயில் சக்கரங்களையும் மின்சாரப் பாகங்களையும் இதில் போடவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னால் உப்புக்கறை எடுக்க வினிகர் வரும், மஞ்சள் எடுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். வினிகரோ வேறு எந்த அமிலமோ ஹைப்போகுளோரைட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பெராக்சைடையும் அதோடு கலக்கக்கூடாது. நாங்கள் ஹைப்போகுளோரைட் வாளியை மொட்டைமாடியிலும் மற்றவற்றை வேறொரு நாளும் வைத்துக்கொண்டோம்.

பிரித்தல்

அதிக நேரம் பிடித்ததும் அதிகம் கற்றுக்கொடுத்ததும் இதுதான்.

நேராக மேலே இழுப்பதுதான் எல்லோர் கையும் முதலில் செய்வது. எட்டுக் குமிழ் இருந்தால் எட்டின் பிடியையும் ஒரே நேரத்தில் வெல்ல வேண்டியிருக்கும், அதனால் வராது. வந்தால் சட்டென்று வரும், கை போய் எதிலாவது இடிக்கும். ஒட்டுப்பொட்டை ஓரத்திலிருந்து உரிப்பதுபோல ஒரு முனையிலிருந்து தூக்கினால், ஒரு சமயத்தில் ஒன்றிரண்டு குமிழோடு மட்டும்தான் மல்லுக்கட்ட வேண்டும். லெகோவின் பிரிப்பான் செய்வதும் அதையே. 1990 முதல் இந்தக் கருவி இருக்கிறது. இப்போது செட்டுகளோடு வரும் ஆரஞ்சு நிறத்தது 2012 வாக்கில் வந்த புது வடிவம். மேல்பக்கம் குமிழ், அடிப்பக்கம் குழி, நீளமான கைப்பிடி, பின்முனையில் மெல்லிய நாக்கு, நடுவில் ஒரு அச்சுக்கம்பி. எங்கள் பெட்டியிலேயே சேற்றுக்குள் இதில் சில கிடந்தன. பலர் இதை ஏதோ மிச்சமான பீஸ் என்று நினைத்துக் கட்டைகளோடு போட்டுவிடுகிறார்கள்.

கழற்ற வேண்டிய கட்டையின் குமிழ்கள்மேல் பிரிப்பானை நன்றாக அழுத்திச் செருக வேண்டும், அரைகுறையாகச் செருகினால் அது மட்டும் கழன்று வரும். அடிக்கட்டையை மேசையோடு சேர்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைக் கீழ்நோக்கி நிதானமாக அழுத்தினால் கட்டை முனையிலிருந்து கிளம்பும். கிளம்பும் சத்தம் காதுக்குப் பழகிவிடும். "டக்" என்று ஒற்றையாக வந்தால் நல்லது, "கிரிக்" என்று நீண்டால் எங்கோ விரிசல் விழுகிறது, அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இது கொஞ்சம் உயரமான கட்டைக்குச் சரி. தொல்லை தருவது தட்டைகள். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர் என்றால் தட்டையின் உயரம் 3.2. ஒரே அளவுள்ள இரண்டு தட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்துவிட்டால் நகத்துக்கு விளிம்பே கிடைக்காது. அங்கேதான் எல்லோரும் பல்லைக் கொண்டுபோகிறார்கள். எங்கள் பெட்டியில் பழைய தட்டைகளின் விளிம்பைத் தடவிப் பார்த்தாலே தெரியும், முந்தைய தலைமுறை ஜெர்மன் பிள்ளைகளின் பல் தடங்கள் வரிசையாக இருந்தன. கடித்த இடத்தில் சுவர் உள்பக்கம் பிதுங்கிவிடும். அதன்பின் அந்தத் தட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே உட்காரும். கடித்தவர் பல்லுக்கும் அதே கதைதான், எனாமல் சில்லாகப் பெயரும்.

பல்லுக்குப் பதில் இரண்டு பிரிப்பான். ஒன்றை மேல்தட்டையின் குமிழில் செருகுங்கள், மற்றதை அடித்தட்டையின் அடியில் அதன் குமிழ்ப்பக்கத்தால் செருகுங்கள். இரண்டு கைப்பிடியும் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து அழுத்தினால் தட்டைகள் எதிர்முனையில் வாய் திறக்கும். பிரிப்பானே இல்லாத வீட்டில், மேலே ஒரு நீளக் கட்டையையும் அடியில் ஒரு நீளக் கட்டையையும் தற்காலிகமாகச் செருகி அவற்றையே கைப்பிடியாக்கிக்கொள்ளலாம். நெம்புகோல் நீளம் கூடினால் விரல் விசை குறைவாகப் போதும், அவ்வளவுதான் சூத்திரம்.

குமிழ் இல்லாத வழவழப்பான டைல்களுக்கு மேலிருந்து பிடிக்க எதுவும் கிடையாது. ஆனால் அவற்றின் அடிவிளிம்பைச் சுற்றி ஒரு நுண்பள்ளம் ஓடுகிறது. பிரிப்பானின் மெல்லிய நாக்கு அதற்காகவே. நாக்கைப் பள்ளத்தில் வைத்து லேசாகத் தூக்கினால் வந்துவிடும். கத்தி முனை இதே வேலையைச் செய்யும், கூடவே டைலின் ஓரத்தைச் சீவி அடுத்தபடி உங்கள் கட்டைவிரலையும் சீவும்.

கிரேனில் ஓட்டைக்குள் இறங்கிய பிளாஸ்டிக் இணைப்பு ஊசிகளையும் கூட்டல்குறி வடிவ அச்சுகளையும் இழுக்கக்கூடாது, மறுபக்கத்திலிருந்து தள்ள வேண்டும். பிரிப்பானின் அச்சுக்கம்பியோ இன்னொரு அச்சோ போதும். சிறுமணல் புகுந்து இறுகியிருந்த ஊசிகள் உலர்ந்த நிலையில் அசையவே இல்லை. கைபொறுக்கும் சூட்டுச் சோப்புத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே தள்ளியதும் வந்தன. பழச்சாறு, மிட்டாய்ப் பாகு ஒட்டிய கட்டைகளுக்கும் இதே வழி.

"ஃப்ரீசர்ல வைங்க ஆன்ட்டி, சுருங்கித் தானா கழண்டுடும்" என்று இரண்டாம் மாடிப் பையன் சொன்னான். கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறவன்.

"எது சுருங்கும், மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான். இரண்டும் ஒரே பிளாஸ்டிக், இரண்டும் ஒரே விகிதத்தில் சுருங்கும், பிடி அப்படியே இருக்கும். குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கத் தயாராகிவிடுவதுதான் கிடைக்கும் ஒரே மாற்றம்.

ஒளி ஊடுருவும் பீஸ்கள் தனி ரகம். சாதாரணக் கட்டை ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக், விளக்குக்கும் கண்ணாடிக்கும் பயன்பட்ட ஒளிபுகும் பீஸ்கள் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற வேறு பிளாஸ்டிக். இது ஏபிஎஸ்ஸைவிட விறைப்பானது, வளைந்து கொடுக்காது. ஒளிபுகும் பீஸ் இரண்டை ஒன்றோடொன்று செருகினால் ஏறக்குறைய ஒட்டியே போகும். எங்களுக்கு அப்படிச் சில சின்ன உருளைகள் கிடைத்தன. ஊறவைத்தும் இரு பிரிப்பான் வைத்தும் பெரும்பாலானவை வந்தன. வராதவற்றை ஜோடியாகவே கழுவி அலங்காரப் பீஸ் டப்பாவில் போட்டோம். சிலவற்றைத் தோற்றுப்போனதாக ஒத்துக்கொள்வது மலிவு.

மனித உருவங்களில் தலை, தொப்பி, கால் எல்லாம் கழற்றலாம். கையைத் தோளிலிருந்து பிடுங்காதீர்கள். உடம்பின் பக்கவாட்டில், அக்குளுக்குக் கீழே, விரிசல் விழும். பழைய உருவங்களில் பாதிக்கு ஏற்கெனவே அந்த விரிசல் இருக்கும். இரண்டு கட்டைகளுக்குக் குறுக்கே ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால் பிரித்தால் கிழியும். வெள்ளத்தில் ஊறியதால் எங்களுக்கு அந்தக் கவலை மிச்சமில்லை, எல்லாம் ஏற்கெனவே உரிந்து மிதந்தன. பரணிலிருந்து இறக்குகிறவர்களுக்கு அது இருக்கும்: அந்த இரண்டு கட்டைகளைப் பிரிக்காமல் ஈரத்துணியால் துடைப்பதோ, ஸ்டிக்கரைத் தியாகம் செய்வதோ, அவரவர் முடிவு.

பழுப்பு நிறத்தின் துரோகம்

பிரிக்கும்போது உடைந்தவற்றில் மிகப் பெரும்பங்கு ஒரே நிறம்: செம்பழுப்பு. கூடவே அடர் சிவப்பும் அடர் பழுப்பும் கொஞ்சம். இது எங்கள் கையின் கோளாறோ வெள்ளத்தின் கோளாறோ இல்லை. சேகரிப்பவர்கள் வருடக்கணக்காகப் புலம்பும் விஷயம். 2010களின் பல செட்டுகளில் இந்த நிறங்கள் காலப்போக்கில் நொறுங்குகின்றன. முக்கியமாக ஒன்றுக்கு இரண்டு தட்டையும், கம்பியைக் கவ்வும் கொக்கி வைத்த பீஸ்களும். கொக்கி ஒரு கம்பியைக் கவ்விய நிலையிலேயே வருடக்கணக்கில் இருந்தால், விரிந்த கை விரிந்தபடியே களைத்து, கழற்றும்போது "படக்".

கப்பலின் தளம் முழுக்கச் செம்பழுப்பு. அங்கே வேலையை மாற்றிக்கொண்டோம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, உலராமலே, பிரிப்பானை ஒரே முனையில் அழுத்தாமல் இரண்டு முனையையும் மாறிமாறி அரைமில்லி அரைமில்லியாகத் தூக்கினோம். நேரம் மும்மடங்கு ஆனது, உடைவது வெகுவாகக் குறைந்தது. உடைந்தவற்றைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஒட்டிய கட்டையின் அளவு மாறிவிடும், செருகும் அடுத்த கட்டையையும் சேர்த்துக் கெடுக்கும். தவிர, உடைந்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். கம்பெனியிடம் பீஸ் எண்ணைச் சொல்லி மாற்று கேட்கும் சேவை இருக்கிறது. எண் கட்டையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும்.

கழுவல்

கம்பெனி சொல்லும் விதி சுருக்கமானது: கையால் கழுவு, தண்ணீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது, மிதமான சோப்பு. வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் மெஷின் வேண்டாம். ஓவன், மைக்ரோவேவ், ஹேர்டிரையர் எதுவும் வேண்டாம். ஏபிஎஸ் இளகத் தொடங்குவது 100 டிகிரி பக்கத்தில் என்று படித்துவிட்டு, "60 டிகிரி என்ன செய்துவிடும்" என்று கேட்பவர்கள் உண்டு. உருகாதுதான். ஆனால் சுவரின் வளைவு அதற்கு முன்பே சோம்பிவிடும். 1963 வரை வந்த கட்டைகள் ஏபிஎஸ்ஸே இல்லை, செல்லுலோஸ் அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். அவை சூடே படாமல்கூடத் திருகிக்கொள்ளும். எங்கள் பெட்டியில் ஒரு கைப்பிடி அளவு நெளிந்த கட்டைகள் அந்த வகைபோலத்தான் தெரிந்தன, அவற்றை வெறும் தண்ணீரில் அலசியதோடு சரி.

அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், நெயில்பாலிஷ் ரிமூவரில் இருப்பது அதுதான். ஏபிஎஸ் அதில் கரையும்.

வெங்காய மூட்டை வலைப்பையில் கட்டைகளைப் போட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் முக்கி, கசக்காமல் மேலும் கீழும் ஆட்டினோம். மெஷினும் இதைத்தானே செய்கிறது என்றால், மெஷினில் கட்டைகள் ஒன்றையொன்று மோதிக் கூர் மழுங்கிப் பளபளப்பு போகும். உள்குழாய்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் பல்லிடுக்கு பிரஷ் அருமையாகப் பொருந்தியது. ஒளிபுகும் கண்ணாடிகளுக்கு மட்டும் பிரஷ் கூடாது, விரலாலேயே தேய்க்க வேண்டும், கீறல் விழுந்தால் மாறாது. பிறகு இன்னொரு முறை ஹைப்போகுளோரைட், நிறைய அலசல்.

எங்களைக் கடைசியில் ஏமாற்றியது வெள்ளம் இல்லை, ஆழ்துளைக் கிணற்று போர் தண்ணீர். உலர்ந்த கறுப்புக் கட்டைகளில் எல்லாம் வெள்ளையாக உப்பு பூத்துவிட்டது. பார்வைக்கு அசிங்கம் என்பதோடு போகாது. குழாய்க்கும் சுவருக்கும் இடையே உப்புப் படிந்தால் குமிழ் முழுசாக இறங்காது. நீர்த்த வினிகரில் சிறிது நேரம் போட்டு எடுத்து, கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீரைப் பயன்படுத்தினோம். கடைசி அலசல் ஒன்றுக்கு மட்டும் நல்ல தண்ணீர் போதும். கடின நீர் வரும் ஊர்க்காரர்கள் இதை முதலிலேயே செய்துவிடலாம்.

உலர்த்துவது சின்ன வேலைபோலத் தெரியும். மழைக்கால ஈரக்காற்றில் ஒரு கட்டையின் குழாய்க்குள் நிற்கும் சொட்டு எத்தனை நாளானாலும் போவதில்லை. வலைப்பையைப் பிடித்து மாடியில் சுழற்றிச் சுழற்றி நீரை உதறினோம் (பிள்ளைகளை இந்த இடத்தில் சேர்த்துக்கொண்டோம், அவர்களைத் தடுக்க முடியவில்லை என்பதே உண்மை). பிறகு பழைய வேட்டியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, முதலில் குழிப்பக்கம் கீழே, மறுநாள் குழிப்பக்கம் மேலே, மின்விசிறிக்கு அடியில். வெயிலில் காயவைக்கலாமே என்று மாடி முழுக்க ஆலோசனை வந்தது. ஏபிஎஸ்ஸில் உள்ள பியூட்டாடையீன் ரப்பரைப் புறஊதா ஒளியும் காற்றும் சேர்ந்து தாக்குவதால்தான் வெள்ளைக் கட்டை மஞ்சளாகிறது. நிழல்தான் சரி.

மஞ்சளானவை

வெள்ளை, சாம்பல், நீலக் கட்டைகள் சில வெள்ளத்துக்கு முன்பே மஞ்சளித்திருந்தன. ஹைட்ரஜன் பெராக்சைடில் முக்கி வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும் என்பது பழைய கணினிப் பெட்டிகளை மீட்பவர்கள் பரப்பிய வித்தை. மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீதக் கரைசலில் கொஞ்சம் வெள்ளைக் கட்டைகளை மட்டும் போட்டுப் பார்த்தோம். குமிழி ஒட்டிக் கட்டைகள் மிதக்கும், மேலே வலையை வைத்து அமுக்க வேண்டும். பாத்திரத்தை இறுக மூடக்கூடாது, ஆக்சிஜன் அழுத்தம் ஏறும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெளுத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் வெளுப்பது மேல்தோல் மட்டும். ஒளி தின்ற ரப்பர் திரும்பி வருவதில்லை, மஞ்சள் பிறகு மெல்லத் திரும்பும். விளையாட்டுக் கட்டைக்கு இது வீண்வேலை என்பது என் கருத்து. காட்சிக்கு வைப்பவர்கள் செய்துகொள்ளட்டும்.

சாம்பலில் ஒரு பொறி இருக்கிறது. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தையே மாற்றியது. பழையது சற்று மஞ்சள் சாயல், புதியது நீலச் சாயல். பழைய சாம்பலைப் புதியதன் பக்கத்தில் வைத்தால் மஞ்சளித்ததுபோலவே தோன்றும். கட்டையைத் திருப்பி வெளிச்சம் படாத உள்பக்கத்தைப் பார்த்தால் புரியும்: உள்ளும் வெளியும் ஒரே நிறமென்றால் அது பிறந்த நிறம்.

ஒதுக்கியவை

மோட்டாரும் பேட்டரிப் பெட்டியும் மின்கழிவுக்குப் போயின. சேற்றுநீர் புகுந்த மோட்டாரைக் காயவைத்துப் பார்ப்பது பெரியவர் பொழுதுபோக்காக இருக்கலாம், பிள்ளைகள் அறைக்கு ஆகாது. வெள்ளம் படாமல் பேட்டரி மட்டும் கசிந்து பூத்திருந்தால் கதை வேறு. அது காரம், கையுறையோடு பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பட்டன் செல் உள்ள விளக்குக் கட்டைகளையும் எடுத்துவிட்டோம். விழுங்கிய பட்டன் செல் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துப் பொத்தலாக்கிவிடக்கூடும்.

சாதாரணப் பீஸை விழுங்குவது அந்த அளவு பயங்கரம் இல்லை. ஆறு குழந்தை மருத்துவர்கள் தாங்களே ஒரு லெகோ பொம்மைத் தலையை விழுங்கி, வெளியே வரும்வரை தேடி, 2018இல் வெளியான கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள்: சராசரி 1.71 நாள், ஒருவருடையது கடைசிவரை அகப்படவில்லை. ஆனால் அவர்கள் பெரியவர்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அதே பீஸ் மூச்சுக்குழாயில் சிக்கினால் நிமிடக் கணக்கு. வாசகசாலையில் அந்த வயதுக்கு இந்தப் பெட்டி திறக்காது.

இன்னும் ஒரு குவியல் இருக்கிறது. 2018இல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ டர்னர் இங்கிலாந்தில் 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்தபோது, சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறங்களில்தான் காட்மியம், ஈயம் போன்றவை அதிகம் தென்பட்டன. 1970, 80களின் கட்டைகளும் அதில் மாட்டின. இன்றைய கட்டைகளுக்கு இது பொருந்தாது. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையே கட்டாயம். ஆனால் எங்கள் பெட்டியில் உள்பக்கம் காப்புரிமை நிலுவை என்று பொறித்த பழைய சிவப்பு, மஞ்சள் கட்டைகள் இருந்தன. வாயில் வைக்காத பிள்ளை எது? அவற்றைத் தனியே எடுத்துவிட்டோம்.

இப்போது

பெட்டியில் இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு திரும்பி வந்தது. நிறவாரியாகப் பிரிக்கலாம் என்றார்கள் பெற்றோர், வடிவவாரியாகப் பிரித்தோம். ஒரே வடிவக் குவியலில் சிவப்பைக் கண் உடனே கண்டுபிடிக்கும், ஒரே சிவப்புக் குவியலில் ஒன்றுக்கு ஒன்று தட்டையைக் கண்டுபிடிக்க மதியம் போய்விடும். ரப்பர் டயர்கள் தனி டப்பாவில். மெத்தென்ற ரப்பரும் ஒயரும் ஏபிஎஸ்மேல் வருடக்கணக்கில் கிடந்தால் கறையேற்றி ஒட்டிக்கொள்ளும். கூழாய்ப் போன செய்முறைப் புத்தகங்களைக் கம்பெனியின் தளத்தில் செட் எண்ணைக் கொடுத்து இலவசமாக இறக்கிக்கொண்டோம். டப்பாக்கள் இப்போது முதல் மாடியில், பல்லி எச்சமும் கரப்பானும் போகாத மூடியோடு. ஒவ்வொரு மேசையிலும் கயிற்றில் கட்டிய ஒரு பிரிப்பான் தொங்குகிறது, கட்டாவிட்டால் வாரக்கடைசியில் ஒன்றும் மிஞ்சாது.

கோத்ததை அடுத்த பிள்ளைக்காகப் பிரித்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. முதலில் அழுகை, இப்போது பிரிப்பதில் போட்டி. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தம்பியை அதட்டுவதைக் கேட்டேன்: "டேய், வாயிலேர்ந்து எடுடா! அங்க பிரிப்பான் தொங்குதில்ல?"

ஒதுக்கிய பழைய சிவப்பு, மஞ்சள் கட்டைகள் மட்டும் சீல் வைத்த டப்பாவில் செயலாளர் அறையில் இருக்கின்றன. குப்பையில் போட மனமில்லை. கடலில் சேர்ந்த லெகோ கட்டை 100 முதல் 1300 வருடம்வரை தாக்குப்பிடிக்கலாம் என்று அதே டர்னர் குழு 2020இல் கணக்கிட்டிருக்கிறது, எங்கள் குப்பை போய்ச் சேர்வதோ பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். பெரியவர்களான சேகரிப்பாளர் யாராவது, காட்சிக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டு கேட்டால் கொடுத்துவிடுவதாகச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.